திருவோணம் முடியும் வரை

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்று திருச்சியில் டாக்டர் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் ஒரே பொருள்தான். வைத்தியம் முடிந்தது, உயிர் போகும் இடத்தை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். சொல்லிவிட்டு அவர் அப்பாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் வீடு என்பது எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும் ஆட்களில் ஒருவர்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று அந்த வட்டாரத்தைத் தாண்டாத பஸ்களிலேயே காலம் முழுக்க விசில் ஊதினார். அவருக்குப் பென்ஷன் வந்தது, நான் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். காசுக்குக் குறை இல்லை. குறை கூரையில்தான். அரியலூர்ப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக ஊரே நிலத்தைக் கொடுத்தபோது அதுவும் போனது. எங்கள் சமையலறை இருந்த இடத்தில் இப்போது ஒரு பனைமர ஆழத்துக்குப் பள்ளம். அடியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் சென்னையில் என் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் ஒரே பெண். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதனால் எங்களுக்கு இன்னொரு வாசல் என்று எதுவும் இல்லை.

கூட வேலை பார்த்த நண்பரின் வீட்டுக் கல்யாணத்துக்காக அப்பா திருச்சிக்கு வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். நான் ஓடி வந்து பார்த்தபோது மூக்கில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். டாக்டர் அப்படிச் சொன்ன பிறகு சென்னை வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் தழுதழுத்த குரலில் பேசினார். "உங்கப்பா எனக்கும் அப்பா மாதிரிதாம்மா" என்றார். பிறகு, "தப்பா நெனச்சிக்காதீங்க, என்ன நட்சத்திரத்துல என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? உங்க ஊருக்கே கொண்டு போயிடுங்களேன்" என்றார்.

நட்சத்திரம் என்று அவர் சொன்னது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டுக்கு அடைப்பு. உயிர் போன இடத்தை ஆறு மாதம் பூட்டி, வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு, ஆள் புழங்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுத்தடுத்து சாவு விழும் என்பது நம்பிக்கை. சொந்த வீடாக இருந்தால் அழுதுகொண்டே அடைப்பார்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். சாகக் கிடப்பவரை உயிரோடு இருக்கும்போதே வெளியே அனுப்பிவிடுவார். இதை நான் மூடநம்பிக்கை என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். மூடநம்பிக்கைதான். அது என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியபோது அதன் கதவு தேக்கில் செய்தது என்று தெரிந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று யோசித்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள். வெளியில் செத்த உடம்பைக் காம்பவுண்டுக்குள் விட மாட்டோம் என்று சென்னையில் நாங்கள் குடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். அவளைத் தெருவில், நிறுத்தி வைத்த இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவில், ஒரு பெஞ்சில் கிடத்தினோம். ராத்திரி முழுவதும் அப்பா கையில் ஒரு குச்சியோடு நாய் விரட்டிக்கொண்டு நின்றார். அதை அவர் எப்போதும் பேசியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் முதல் தடவையாகப் பேசினார்.

"என்னய ரோட்டுல வெச்சிடாத பாப்பா. யாரு வூடா இருந்தாலும் சரி. ஒரு வூட்டுக்குள்ள வெச்சு அனுப்பிடு."

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒரு தீபாவளிச் சட்டை கூடக் கேட்டதில்லை. சரிப்பா என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் பிடித்தேன். டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கொள்ளிடத்தின் வடகரையில், தா.பழூருக்கும் தள்ளி இருக்கும் ஒரு ஊர்க்காரர். பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டு அப்பாவைப் படுக்க வைத்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். சாகிறதுக்கு ஒரு வீடு வேண்டும் என்று அப்படியே சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"மொதல்ல பெரம்பலூர் போவலாங்கக்கா. அங்க லாட்ஜு நெறைய இருக்கு. அங்கேருந்துக்கிட்டு வூடு தேடுங்க" என்றார்.

முதல் லாட்ஜின் மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாக வேனைப் பார்த்துவிட்டார். நான் படி ஏறுவதற்குள் "ரூம் ஃபுல்லுங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த லாட்ஜில் நான் உஷாரானேன். வேனைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பாவின் சிறுநீர் வடியும் பையை வேட்டிக்குள் சொருகி, மூக்குக் குழாயைத் துண்டால் மறைத்து, டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து நடத்திக்கொண்டு போனோம். அப்பாவின் தலை தொங்கியது, கால்கள் தரையில் இழுபட்டன. மேனேஜர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சரக்கா? பரவால்ல, பரவால்ல. வாந்தி மட்டும் எடுக்காம பாத்துக்குங்க" என்றார்.

குடிகாரனுக்கு ரூம் உண்டு. என் அப்பா ஆயுளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. நானும் சிரித்துவைத்தேன். ஆதார் நகல் கேட்டார், கொடுத்தேன். அப்பாவின் ஆதாரில் பழைய ஊர் விலாசம்தான் இருந்தது. "இந்த ஊரு எங்கம்மா இருக்கு, கேள்விப்பட்டதே இல்லையே?" என்றார். "இப்ப இல்லைங்க" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து இன்னொரு தடவை சிரித்தார்.

அந்த அறையின் சுவரில் தலை சாய்த்தவர்களின் எண்ணெய்ப் பிசுக்கு வரிசையாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஹைவேயில் போகும் லாரி எல்லாம் அறைக்குள்ளேயே போவது மாதிரி இருந்தது. கஞ்சியைக் குழாயில் ஊற்றினேன், பையைக் காலி செய்தேன். டிரைவர் வேனிலேயே படுத்துக்கொண்டார். விடிந்ததும் துடைக்க வந்த அம்மாள் கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாளியோடு கீழே போனாள். பிறகு மேனேஜர் வந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேல போயிடும். நாலு பேரு வந்து தங்குற எடம்."

நாலு பேர் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வேண்டியிருந்ததும் கடைசியில் தூக்குவதற்கு அந்த நாலு பேர்தானே. அதைச் சொல்லவும் செய்தேன். அவருக்குப் புரியவில்லை. அது நல்லதுதான்.

பெரம்பலூரில் வாடகைக்கு வீடு காட்டும் புரோக்கர் ஒருவரையும் பார்த்தேன். யார் யார் தங்கப் போகிறீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்கு நான் பதில் சொன்னதும் அவருக்கு அவசரமாக வேறு ஒரு வேலை வந்துவிட்டது.

அரியலூருக்குப் போனோம். அங்கே என் சித்தப்பா மகன் இருந்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. அப்பா கண்ணை மூடியபடியே படுத்திருந்தார். ஒரு திருப்பத்தில் வேன் குலுங்கியதும், "பேரளி" என்றார். கொஞ்ச தூரம் போனதும் "சித்தளி" என்றார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இரண்டும் அந்த ரோட்டு ஸ்டாப்புகள், இரண்டும் சரி. அதற்குப் பிறகு அவர் ஊர்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

தம்பியின் வீடு மூன்று மாடி, வாசலில் பூசணிக்காய்ப் பொம்மை. என்னைக் கண்டதும் அவனும் அவன் மனைவியும் ஓடி வந்தார்கள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதான். சின்ன வயதில் அவனை டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனவர் அப்பா. எனக்கும் டிரைவருக்கும் சுடச்சுட இட்லி வந்தது, இரண்டு சட்னியோடு. அப்பா மட்டும் வேனிலேயே இருந்தார். அவரை உள்ளே கொண்டு போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

"அக்கா, போன தையிலதான் பால் காச்சினோம். புது வூடு. பொண்ணுக்கு வேற மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றான் அவன். அவன் மனைவி, "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணி" என்றாள்.

இரண்டு நாளாக எல்லாரும் இதையே சொன்னார்கள். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என் கோபம் பொல்லாதது. தட்டை வீசவில்லை, அவ்வளவுதான்.

டிரைவர் வழியில் ஒரு டீக்கடையில் விசாரித்தார். உடையார்பாளையத்தில் ஒரு அம்மாள் முந்திரி சீசனில் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு பக்கவீடு வைத்திருக்கிறாள், இப்போது காலியாக இருக்கிறது என்று தகவல் வந்தது. போனோம். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாள், கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். நிலம் கொஞ்சம் இருக்கிறது; கைச்செலவுக்கு அந்த வாடகைதான். இந்தத் தடவை நான் எதையும் மறைக்கவில்லை. வேன் கதவைத் திறந்து அப்பாவைக் காட்டினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள், நெஞ்சில் கை வைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தாள். அன்றைய தாளைத் தூக்கி அடுத்த தாளையும் பார்த்தாள்.

"இன்னைக்குத் திருவோணம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் திருவோணந்தான். அதுக்கு அப்புறம் அவிட்டம் பொறந்துடுது" என்றாள். "அதுவரைக்கும் வெச்சுக்கம்மா. திருவோணத்துக்கு அடைப்பு இல்ல. ஆனா அதுக்கு மேல என்னால முடியாது தாயி. இந்த எடத்த ஆறு மாசம் பூட்டிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அப்பாவை உள்ளே தூக்கிப் போய்க் கட்டிலில் போட்டோம். அறையில் முந்திரித் தோலின் காரமான வாசம் ஊறியிருந்தது. மூலையில் மடித்து வைத்த சாக்குகள். ஆனாலும் அது வீடு. நிலைப்படி இருந்தது, மாடத்தில் விளக்கு இருந்தது. அந்த அம்மாள் அப்பாவுக்குப் பால் கொண்டுவந்து, குழாயில் நான் ஊற்றும்வரை பக்கத்திலேயே நின்றாள். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தாள். டிரைவருக்கு வாசலில் பேப்பர் கப்பில் கொடுத்தாள். அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவள் முன்னமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அவர் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தும் நான் சும்மா இருந்தேன். எனக்கு அந்தக் கூரை வேண்டியிருந்தது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அதை விட்டால் மற்றதெல்லாம் வெறும் ஊர்வலம்.

மறுநாள் காலையிலிருந்து நான் இரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் கடிகாரம், கட்டிலில் அப்பாவின் நெஞ்சு. நெஞ்சு ஏறும், இறங்கும். இறங்கியது ஏறக் கொஞ்சம் தாமதித்தால் நான் எழுந்து நிற்பேன். மறுபடி ஏறும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆமாம், ஏமாற்றம்தான். அதற்கு வேறு நல்ல சொல் கிடையாது. பெற்ற தகப்பன் மத்தியானத்துக்குள் செத்துவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். சாமி கும்பிடாத எனக்கு அன்றைக்கு எல்லாச் சாமியின் பேரும் ஞாபகம் வந்தது. அவர்மேல் எனக்கு இருந்த பாசம்தான் அப்படி வேண்ட வைத்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது அப்படித் தோன்றவில்லை. பஸ் வரவில்லையே என்று நிற்கிறவளின் எரிச்சல் மாதிரிதான் இருந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"திருவோணம் முடிஞ்சிட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தைய நாள் வாசலில் நாங்கள் பேசியதை எல்லாம் வேனில் படுத்தபடி அவர் கேட்டிருக்கிறார்.

"இன்னும் இல்லப்பா."

அவர் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு, மீதி கொடுக்கச் சில்லறை இல்லை என்று பயணியிடம் மன்னிப்புக் கேட்கும் கண்டக்டரின் குரலில் சொன்னார்.

"நானும் எவ்வளவோ பாக்குறேன் பாப்பா. போவ மாட்டேங்குது."

நான் வெளியே ஓடிவிட்டேன். கிணற்றடியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த அம்மாள் பின்கதவில் நின்று பார்த்தாள், அவளும் அழுதாள். ஆனால் அழுவது வேறு, அடைப்பு வேறு. மத்தியானம் ஆனது. அவள் வாசலில் வந்து நின்றாள். அப்பாதான் சொன்னார், "கெளம்பலாம் பாப்பா. அவங்க நேரத்தச் சொல்லிட்டாங்கல்ல."

புறப்படும்போது அந்த அம்மாள் அப்பா தலை வைத்திருந்த தலையணையையும் ஒரு பழைய சேலையையும் வேனுக்குள் வைத்தாள். "திருப்பித் தர வேணாம்" என்றாள். இரக்கமும் தீட்டும் ஒரே மூட்டையில் வந்தன. வாங்கிக்கொண்டேன். அவளை எனக்கு இன்றுவரை வெறுக்கத் தெரியவில்லை. வழி நெடுகிலும் அப்பாவை உள்ளே விட்ட ஒரே மனுஷி அவள்தான்.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் டிரைவர் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பாமலே பேசினார்.

"எங்க வூட்டுக்குக் கொண்டு போவலாம்னு மொத நாளே நெனச்சேங்கக்கா. வூட்டுல பொம்பளைங்க பயப்படுறாங்க. சின்னப் புள்ளைங்க இருக்கு. ஆனா வயல்ல மோட்டார் கொட்டாய் ஒண்ணு இருக்கு. தளம் போட்டது. மழ ஒழுவாது."

"அவிட்டம் பொறந்துட்டே, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"கொட்டாய்க்கு ஏதுக்கா நட்சத்திரம்? அதெல்லாம் வூட்டுக்குத்தான்."

அவருடைய தாத்தா காலத்தில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அவர் லாரி ஓட்டி, வேன் ஓட்டி, கொள்ளிடக் கரையில் கொஞ்சம் நிலம் வாங்கி, அதில் போர் போட்டு, அந்தக் கொட்டகையைக் கட்டியிருந்தார். அரியலூரில் இருக்கும் என் தம்பிக்குப் போனில் தகவல் சொன்னேன். "அவங்க எடத்துலயாக்கா?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

கொட்டகை ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுதான். ஒரு பக்கம் மோட்டார், சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, மூலையில் உர மூட்டை. ஆயில் வாசம். கதவுக்கு வெளியே கரும்பு, அதற்கு அப்பால் ஆற்றின் கரை. ஆவணி மாதம், கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் அப்பாவைப் போட்டோம். அவர் கையை நீட்டிச் சுவரைத் தடவினார்.

"இது வூடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர், "வூடுதாங்கய்யா" என்றார்.

அப்பா மூக்கால் மோந்து பார்த்தார். "வூடுன்னா அடுப்பு எங்க?" என்றார்.

ஏமாற்ற முடியாத மனுஷர். செக்கிங் இன்ஸ்பெக்டர் இறங்கிப் போன பிறகும் டிக்கெட்டை எண்ணிப் பார்ப்பவர். டிரைவர் வெளியே போய்ப் போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி வரப்பில் வந்தாள், கையில் ஒரு புதுப் பாத்திரமும் பாலும். கொட்டகைக்குள் வரப் பயந்து வாசலிலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, மோட்டாருக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டி, சுள்ளி வைத்து, பாலைக் காய்ச்சினாள். பொங்கி வழியும்வரை விட்டாள். புதுவீட்டுக்குப் போனால் செய்வது அதுதான். புகை கொட்டகை முழுக்கச் சூழ்ந்தது. ஒரு சொட்டை விரலில் எடுத்து அப்பாவின் உதட்டில் வைத்தேன். அவர் நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"சரி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது எதுவும் தெளிவாக இல்லை. அந்த இரண்டு நாளும் நான் கடிகாரம் பார்க்கவில்லை. அது மட்டும் எனக்கு நிம்மதி.

இரண்டாம் ராத்திரியும் கழிந்து, காலையில் கரண்ட் வந்ததும் டிரைவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டார். சத்தத்தில் சுவரே அதிரும், கட்டிலும் கூடவே அதிரும். நான் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் டிரைவர் வந்து மோட்டாரை நிறுத்தினார். கட்டிலின் அதிர்வு நின்றது. அப்பாவின் நெஞ்சும் நின்றது. அது எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மோட்டார்தான் அவரை அசைத்துக்கொண்டிருந்தது.

அன்று சதயம்.

டிரைவரின் பங்காளிகள் தூக்கினார்கள். கொள்ளிடக் கரையில் எரித்தோம். தம்பி காரில் நேராகச் சுடுகாட்டுக்கு வந்து இறங்கினான். கொள்ளி வைக்கும் உரிமை அவனுக்குத்தானாம். வைத்தான். வீட்டுக்குள் விடாதவனுக்கு அந்த உரிமை மட்டும் எப்படி ஞாபகம் இருந்ததோ. மறுநாள் சாம்பலைக் கரைத்துவிட்டு நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

டிரைவரோடு போனில் எப்போதாவது பேசுவேன். மாசி மாதத்தில் அவர் மனைவிக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. வரப்பில் நடந்து போனால் வேப்பமரத்தடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை நீட்டி அங்கே கொண்டுவந்திருந்தார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியை மரத்தில் அடித்து, உரச் சாக்கால் போர்த்தியிருந்தார்கள். கொட்டகைக் கதவில் பூட்டு. வாசலில் காய்ந்த கருவேல முள் குவியல்.

"மழையில இந்தப் பொட்டியத் தொட்டு ரெண்டு தடவ ஷாக் அடிச்சிட்டுக்கா இவருக்கு" என்று அவர் மனைவி புகார் சொன்னாள். "கேக்கவே மாட்டேங்குறாரு. சாயங்காலம் ஆனா வாசல்ல வெளக்கு ஏத்தச் சொல்றாரு."

நான் டிரைவரிடம் போனேன். கேட்டேன்.

"அடைப்பெல்லாம் வூட்டுக்குத்தான், கொட்டாய்க்கு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் மண்வெட்டியால் வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"அவருகிட்ட வூடுன்னு சொல்லித்தானக்கா படுக்க வெச்சோம்" என்றார்.